மிதக்கும் காற்றாலையும் பட்டா இல்லாத சனமும்

கோவை அவிநாசி சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் கடல் காற்றாலை பற்றிய கருத்தரங்கு ஒன்று நடந்தது. எங்களில் இரண்டு பேருக்கு அழைப்பு வந்திருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன: காற்றின் வேகம், கடலின் ஆழம், நங்கூரச் சங்கிலியின் நீளம், துறைமுகத்தின் கொள்ளளவு, யூனிட்டுக்கு எத்தனை ரூபாய். முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் 'ஸ்டேக்ஹோல்டர்கள்' என்ற தலைப்பில் ஒரு படம் வந்தது. பஞ்சாலை முதலாளிகள், காற்றாலைக் கம்பெனிகள், மின்வாரியம், துறைமுகம், வங்கி என்று பெரிய பெரிய வட்டங்கள். மூலையில் ஒரு பொடி வட்டம். அதற்குள் 'உள்ளூர் சமூகம்' என்று எழுதியிருந்தது.

அந்த வட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுந்து கேட்டோம். "மீனவர்கள்தாங்க. அதெல்லாம் சி.எஸ்.ஆர்.ல பாத்துக்கலாம்" என்றார் பேசியவர். பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

கடலே இல்லாத கோயம்புத்தூரில் கடல் காற்றாலைக்கு எதற்குக் கருத்தரங்கு என்று வெளியூர்த் தோழர்கள் கேட்கலாம். கொங்குக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தமிழ்நாட்டின் காற்று ஆரல்வாய்மொழியில் அடிக்கும், முப்பந்தலில் அடிக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடத்திலும் உடுமலையிலும் அடிக்கும். ஆனால் அந்தக் காற்றில் சுழலும் காத்தாடிகளில் ஏராளமானவை கோவை, திருப்பூர் பஞ்சாலைகளின் கணக்கில் இருக்கின்றன. முப்பந்தலில் உற்பத்தியாகிற மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் ஏற்றி, ஆடி மாதத்து யூனிட்டை 'பேங்கிங்' என்ற பெயரில் வரவு வைத்து, காற்று இல்லாத தை மாதத்தில் சோமனூர்ப் பக்கத்து மில்லில் செலவழிக்கலாம். காற்றைக் கணக்குப் புத்தகத்தில் சேமிக்கக் கற்றுக்கொண்ட ஊர் இது. அடுத்த காற்று கடலில் இருக்கிறது என்றால் பேச்சு இங்கேதான் தொடங்கும்.

முதலில் தொழில்நுட்பம். எதிர்ப்பதானாலும் தெரிந்துகொண்டு எதிர்க்க வேண்டும் அல்லவா. கடலில் காற்றாலை நிறுவ இரண்டு வழி. ஆழம் குறைவான இடத்தில், சுமார் 50, 60 மீட்டர் வரை, கடல்தரையில் இரும்புத் தூணை அடித்து ஊன்றிவிடலாம். அதற்கு மேல் ஆழம் போனால் தூண் கட்டுப்படியாகாது. பிரம்மாண்டமான மிதவையின்மேல் காத்தாடியை நிறுத்தி, சங்கிலியால் கடல்தரையோடு கட்டிப்போட வேண்டும். இதுதான் மிதக்கும் காற்றாலை. 2017இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் நகரத்துக்கு அப்பால் 'ஹைவிண்ட்' என்ற பெயரில் நார்வேயின் ஈக்வினார் கம்பெனி நிறுவியதுதான் உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை. ஐந்தே காத்தாடிகள், மொத்தம் 30 மெகாவாட். ஏழு வருடம் ஓடிய பிறகு 2024இல் பெரிய பராமரிப்புக்காக ஐந்தையும் கடலிலேயே இழுத்துக்கொண்டு நார்வேக்குப் போனார்கள். அதே கம்பெனி நார்வேக் கடலில் 88 மெகாவாட்டில் இன்னொன்று அமைத்தது. அது எதற்கு மின்சாரம் தருகிறது தெரியுமா? கடலுக்கடியிலிருந்து பெட்ரோலிய எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்கு!

உலகத்தில் இருக்கும் மிதக்கும் காற்றாலைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் சில நூறு மெகாவாட் தேறும். தமிழ்நாட்டின் நிலத்தில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காத்தாடிகள் நிற்கின்றன. இதிலிருந்தே மிதக்கும் காற்றாலை எவ்வளவு இளசான தொழில் என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தியாவின் கடல் காற்றாலைக் கொள்கை 2015இல் வந்தது. குஜராத்தும் தமிழ்நாடும்தான் இலக்கு. இரண்டு கரையிலும் சேர்த்துச் சுமார் 70 கிகாவாட், அதில் பாதி மன்னார் வளைகுடாவிலும் குமரிக் கடலிலும் என்கிறது அரசின் கணக்கு. முதலில் ஊன்றுகிற வகை, பிறகு ஆழம் போகப் போக மிதக்கிற வகை என்பதுதான் திட்டத்தின் போக்கு. நாடு முழுவதற்கும் உலக வங்கி போட்ட மதிப்பீட்டில் மிதக்கும் வகைக்கு மட்டும் 83 கிகாவாட் என்று காட்டியிருக்கிறார்கள். இன்றுவரை தமிழ்நாட்டுக் கடலில் ஒரு காத்தாடிகூட நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

நிற்காததற்குக் காரணம், கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாயை ஒதுக்கியது. இதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களைத் தயார்செய்ய, தமிழ்நாட்டுக்குத் தூத்துக்குடி. மீதி 6,853 கோடி, குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 என மொத்தம் 1,000 மெகாவாட் கட்டும் கம்பெனிகளுக்கு. 'வயபிலிட்டி கேப்' என்று இதற்குப் பெயர். கட்டுப்படியாகாத பள்ளத்தை மக்கள் வரிப்பணத்தைக் கொட்டி மேவுவது. வகுத்துப் பாருங்கள், மெகாவாட்டுக்கு 6.85 கோடி. இது கடல்தரையில் ஊன்றும் வகைக்கே. மிதக்கும் வகை இதைவிடச் செலவு பிடிக்கும் என்பதில் அந்தத் துறைக்காரர்களுக்கே சந்தேகம் இல்லை.

ஆகவே 'சாத்தியமா' என்ற கேள்வியைக் கேட்கும்போதே 'அரசு எவ்வளவு தரும்' என்பதும் உள்ளே இருக்கிறது. கட்டுப்படியாகாததைக் கட்டுப்படியாக்குவது ஒரு அரசியல் முடிவு. எங்கள் முதல் கோபம் இதில்தான். வளவுக்குத் தார்ச்சாலை கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அங்கெல்லாம் மட்டும் யாரும் 'கேப் ஃபண்டிங்' தருவதில்லை.

இந்தப் படத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்கள். 1990களில் நிலத்துக் காத்தாடிகள் பெருகியது எப்படி? காத்தாடி வாங்கிய தொகை முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள ஒன்றிய அரசு அனுமதித்தது. ஆடிக் காற்றில் அம்மி பறந்ததோ இல்லையோ, வரி பறந்தது. எவ்வளவு மின்சாரம் வந்தது என்பதைவிட எத்தனை காத்தாடி வாங்கினோம் என்பது முக்கியமாகிப்போன வருடங்கள் அவை. பிறகு அந்தச் சலுகை 80 சதவீதமாகி, 2017இல் 40 சதவீதமானது. சலுகையில் எழுந்தது ஒரு தலைமுறையின் சொத்து. காத்தாடி நின்ற பூமி, கிரயம் கொடுத்து வாங்கிய மானாவாரிக் காடு. காடு என்றால் கொங்கில் மேட்டு நிலம். விற்றவருக்குக் காசு, வாங்கியவருக்குக் காத்தாடி. அந்தக் காட்டில் களையெடுத்தவளுக்கும் ஆடு மேய்த்தவளுக்கும் என்ன கிடைத்தது என்று எந்தச் சாத்தியக்கூறு அறிக்கையும் கேட்கவில்லை. அவர்கள் பெயரில் பட்டா இல்லை, பத்திரம் இல்லை, எனவே இழப்பும் இல்லை.

கேத்தனூர், சுல்தான்பேட்டை, பூளவாடி, குடிமங்கலம் பக்கம் அருந்ததியர் வளவுகளில் நாங்கள் வேலை செய்கிறோம். ஒரு வளவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சொன்னார்: "முன்னெல்லாம் அந்தக் காட்டுலதான் கண்ணு ஆடு மேய்ப்பேன். காத்தாடி போட்டதுக்கப்பறம் கம்பிவேலி கட்டிப்போட்டாங்கொ. இப்ப ராத்திரியில சத்தம் மட்டும் வருது." ஆறு ஆடுகளையும் ஒரே சந்தையில் விற்றிருக்கிறார். மகன் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வாட்ச்மேன். எட்டு மணி நேரம் என்று சொல்லி எடுத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். பி.எஃப். பிடித்தமா என்று கேட்டோம், சிரித்தார். எல்லாக் காத்தாடிக்கும் வேலி இல்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். பல இடங்களில் அடியில் இன்னும் சோளம் விதைக்கிறார்கள். ஆனால் வேலி போட வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்த இடத்தில் அந்த அம்மா இல்லை.

மின்சாரத்துக்காகக் கொங்கு மண் ரத்தம் சிந்தியிருக்கிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் நடந்த போராட்டங்களை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். அந்தப் போராட்டங்களின் பலனாக இன்று தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம். இணைப்பு யாருக்கு? கிணறு இருப்பவருக்கு. கிணறு யாருக்கு? நிலம் இருப்பவருக்கு. அந்தக் கிணற்றை வெட்டிய கைகளுக்குக் குடிசையில் ஒரு பல்பு.

உயர்மின் கோபுரங்கள் வந்தபோதும் இதே கதை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் பாதைக்காகக் கொங்கு மாவட்டங்களில் டவர் நட்டார்கள். 2018, 2019இல் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். எங்கள் தோழர்களும் போய் ஆதரவு தெரிவித்தார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது. நிலத்தைக் கேட்காமலே உள்ளே வர 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தையா தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று கேட்டார்கள். பிறகு டவர் நிற்கும் இடத்துக்கும் கம்பி போகும் தாரைக்கும் இழப்பீட்டு விகிதத்தை அரசு உயர்த்தியது. நல்லது. ஆனால் அத்தனை பந்தல்களிலும், அத்தனை பேச்சுவார்த்தைகளிலும் 'டவருக்கடியில் வேலை போன கூலிக்கு என்ன' என்ற வரி ஒரு மனுவிலும் இல்லை. பந்தலில் எங்களுக்கு டீ கொடுத்தார்கள். எந்த டம்ளரில் என்பதை எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

சட்டத்தில் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013ஆம் வருட நிலமெடுப்புச் சட்டம், நிலம் இல்லாவிட்டாலும் அதில் மூன்று வருடம் உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலிக் குடும்பத்தைப் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. நீர்நிலையை நம்பிய மீனவரையும் படகோட்டியையும் அதில் சேர்க்கிறது. நாம் பல வருடம் போராடிப் பெற்ற வரையறை அது. ஆனால் அதே சட்டத்தின் பின்னிணைப்பில் மின்சாரச் சட்டத்துக்கு விலக்கு. நிலத்துக் காற்றாலைக்கோ 2006ஆம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலிலேயே இடம் இல்லை, அதனால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. பசுமை என்று பெயர் வைத்துவிட்டால் ஊரைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது கடலுக்கு வாருங்கள். அங்கே கையகப்படுத்த எதுவுமே இல்லை. கடல் ஏற்கெனவே அரசுடையது. 2023 டிசம்பரில் வந்த குத்தகை விதிகளின்படி கட்டுமானத்துக்கும் உற்பத்திக்கும் 35 வருடக் குத்தகை. குத்தகைக் கட்டணம் ஒரு சதுர கிலோமீட்டருக்கு வருடம் 1 லட்சம் ரூபாய். ஒரு சதுர கிலோமீட்டர் 247 ஏக்கர். ஏக்கருக்கு வருடம் சுமார் 405 ரூபாய் வருகிறது. பல்லடத்தில் எந்தப் பண்ணையக்காரராவது ஒரு ஏக்கர் காட்டை வருடம் நானூறு ரூபாய்க்குக் குத்தகைக்கு விடுவாரா? விட மாட்டார், ஏனென்றால் அவரிடம் பட்டா இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக வலை போட்டவரிடமும், தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கும் பெண்ணிடமும் பட்டா இல்லை. பொதுவில் இருப்பது எல்லாம் இந்த நாட்டில் மலிவு. நமக்கு இது புதிதா?

மிதக்கும் வகையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஊன்றிய தூண் என்றால் அது நிற்கும் இடம்தான் அடைபடும். மிதவை என்றால் சங்கிலிகள் தண்ணீருக்கடியில் நாலாபக்கமும் பல நூறு மீட்டர் நீண்டு கிடக்கும். காத்தாடிக்குக் காத்தாடி கேபிள் போகும். இழுவலை அந்த இடத்தில் போக முடியாது. ஆழத்துக்குப் போனால் கரையோர மீனவருக்குத் தொந்தரவு இல்லை என்று கருத்தரங்கில் சொன்னார்கள். பெரிய படகுகளை ஆழத்திலிருந்து விரட்டினால் அவை எங்கே வரும்? கரைக்குத்தான். அங்கே நாட்டுப்படகோடு மோதும். இது புரிய மேற்படிப்பு வேண்டியதில்லை.

கரையில் இருப்பவர்கள் எல்லோரும் மீனவர்களும் அல்ல. அந்தப் பொடி வட்டத்துக்குள் யார் என்று நாங்கள் கேட்டதற்குக் காரணம் இதுதான். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் என்ன நடந்தது என்பது நம்மிடம் பதிவாக இருக்கிறது. மீன் சுமந்தவர்கள், கருவாடு காயவைத்தவர்கள், உப்பளத்திலும் வயலிலும் கூலி செய்த தலித்துகள் 'மீனவர்' பட்டியலில் வரவில்லை. படகு இல்லாதவருக்குப் படகு இழப்பு ஏது? நிவாரண முகாமிலிருந்தே துரத்தப்பட்ட குடும்பங்கள் உண்டு. கடலுக்கும் ஊர், சேரி இருக்கிறது. மிதவைகளைக் கடலுக்கு இழுத்துப் போகும் முன் துறைமுகக் கரையில் வைத்துத்தான் கோக்க வேண்டும். அதற்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். தூத்துக்குடியில் அந்த இடம் எங்கிருந்து வரும், பக்கத்தில் இருப்பது யாருடைய உப்பளம், அதில் வெயிலில் கால் வெந்து நிற்பது யார்? அறிக்கை எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கட்டும்.

"நீங்கள் எதற்கெடுத்தாலும் சாதியைக் கொண்டுவருகிறீர்கள், காற்றுக்கு ஏது சாதி" என்று பின்னூட்டம் வரும், தெரியும். நார்வேயில் போய்ச் சொல்லுங்கள். முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணையை நிறுவிய கம்பெனியின் அதே நாட்டில், ஃபோசன் என்ற இடத்தில் நிலத்தில் 151 காத்தாடிகள் நட்டார்கள். அது சாமி பழங்குடிகள் கலைமான் மேய்த்த பூமி. உரிமத்தை எதிர்த்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டி முடித்தார்கள். 2021 அக்டோபரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இது சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறியது, உரிமம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்நூறு நாளாகியும் காத்தாடி சுற்றிக்கொண்டே இருந்ததால் 2023இல் சாமி இளைஞர்கள் அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் சமரசம், இழப்பீடு. பூளவாடியில் ஆட்டை விற்ற அம்மாவுக்கும் கலைமான் மேய்க்கும் சாமிக்கும் இடையே ஒரு வித்தியாசம்: அவர்களை ஒரு மக்களாக அங்கீகரிக்கும் சட்டம் அங்கே இருந்தது.

இன்னொரு குற்றச்சாட்டு, நாங்கள் மின்சாரத்துக்கே எதிரி என்பது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கவனித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். மின்சாரக் கொள்கைக் குழுவின் தலைவராக 1943இல் பேசும்போது, மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்த நாட்டு ஏழை வறுமையிலிருந்து ஏற வழியில்லை என்ற பொருளில் வாதிட்டார். மின்சாரம் அரசின் கையில் இருக்க வேண்டும் என்பதும் அவர் நிலைப்பாடு. நிலத்தில் கட்டுண்டு கிடப்பவனுக்கு நிலத்தை விட்டு வெளியேற ஒரு கதவு வேண்டும் என்று அவர் பார்த்தார். நாங்களும் அந்தக் கதவைத்தான் கேட்கிறோம். நிலக்கரிச் சாம்பலும் அனல்மின் புகையும் யார் வீட்டுக் கூரையில் விழுகிறது என்று எண்ணூரில் போய்ப் பார்த்தவர்கள் நாங்கள். காத்தாடி வரட்டும். கடலிலும் வரட்டும், மிதந்தும் வரட்டும். யாருக்குச் சொந்தமாக வரும் என்பதே எங்கள் கேள்வி.

இதற்குப் பதில் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. 2006இல் வங்கிக் கடனும் ஊராட்சியின் சொந்த நிதியும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில், உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காத்தாடி ஒன்றை வாங்கியது. ஊராட்சியின் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஒரு கிராம ஊராட்சி! உடுமலைக் காத்தாடிகளுக்கு நடுவே ஒன்று மில்லுக்குச் சொந்தமில்லாமல் மக்களுக்குச் சொந்தமாக நின்றது. சாத்தியக்கூறு அறிக்கை என்றால் இதைத்தான் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் இன்னொரு ஓடந்துறை ஏன் வரவில்லை என்று எந்தக் கருத்தரங்காவது கேட்டதா? கடலில் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கு எதிரே 2000இல் நின்ற மிடில்கிரன்டன் பண்ணை. இருபது காத்தாடி, 40 மெகாவாட். அதில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்கு போட்ட கூட்டுறவுக்குச் சொந்தம்.

மெகாவாட்டுக்கு 6.85 கோடி பொதுப்பணம் போகிறது என்றால், அந்தப் பணத்துக்கு ஈடான பங்கு பொதுவில் இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி கரையோர மீனவப் பெண்கள், உப்பளத் தொழிலாளர்கள், தலித் கூலிகள் அடங்கிய கூட்டுறவின் பெயரில் எழுதப்பட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கென்று தமிழ்நாடு 2024இல் தனிச்சட்டமே போட்டிருக்கிறது. அந்த நிதியிலிருந்து முதலீட்டுப் பங்கு கொடுக்கலாம். தார்ச்சாலைக்கும் மேம்பாலத்துக்கும் அந்த நிதியைத் திருப்பிவிட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. தூத்துக்குடியில் வெல்டிங், கேபிள், பராமரிப்பு என்று வேலை வரும்போது தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு இல்லை என்று கையை விரிக்கக் கூடாது. பொதுப்பணம் வாங்கிய கம்பெனி தனியார் அல்ல. டெண்டர் நிபந்தனையிலேயே இதைச் சேர்க்கலாம், சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டாம். டெண்டருக்கு முன்பே பாதிக்கப்படுவோர் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். அதில் படகு இல்லாதவரும் நிலம் இல்லாதவரும் தனித்தனியாக எண்ணப்பட வேண்டும்.

நிலத்திலும் வேலை இருக்கிறது. 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டிக் காத்தாடிகளைப் பிடுங்கிவிட்டுப் பெரியவற்றை நட 2024இல் மாநில அரசு கொள்கை அறிவித்திருக்கிறது. பல சிறியவை போய் ஒரு பெரியது வந்தால் அடியில் கொஞ்சம் காடு விடுபடும். அந்தக் காடு யாருக்குப் போகிறது, அதில் பஞ்சமி நிலம் எங்காவது சிக்கியிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பல்லடம், உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் வட்டங்களில் இருக்கும் தோழர்கள் உங்கள் வளவுக்குப் பக்கத்தில் இருக்கும் காத்தாடிகளின் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும், தெரிந்தால் சர்வே எண்ணையும் குறித்து வையுங்கள். அடுத்த கிராம சபைக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள். நாற்காலி போடாவிட்டாலும் எழுந்து நின்று படிப்போம்.